சல்லடைக்கு லேபிள் தெரியக் கூடாது

மரபணு வெளிப்பாட்டுத் தரவை முதல்முறையாகக் கையில் வாங்கியிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு,



சீக்வென்சிங் செய்து கொடுத்தவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கும். கோப்பைத் திறந்தால் ஒரு பெரிய அட்டவணை. மேலிருந்து கீழே சுமார் 60,000 வரிகள், குறுக்கே ஆறு பத்திகள். மூன்று பத்தி நோயாளிகளுடையது, மூன்று பத்தி நலமாக இருப்பவர்களுடையது. ஒவ்வொரு வரியும் ஒரு மரபணு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. துண்டு அந்த மாதிரியில் எத்தனை முறை படிக்கப்பட்டது (ரீட்) என்ற கணக்கு. இந்தக் கோப்பு வந்து சேர்வதற்குள் மாதக்கணக்கில் அலைந்திருப்பீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஐஸ் பெட்டியோடு பஸ் பயணம், ஆர்.என்.ஏ. தரம் போதாது என்று திரும்பி வந்த குழாய், அதே நோயாளியிடம் போய் நின்று இன்னொரு முறை கை நீட்டச் சொல்லும் சங்கடம். அவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ஆறு பத்திகள்.

ஆய்வேட்டில் இதற்கு அடுத்த படிக்கு நீங்கள் ஒதுக்கப்போவது ஒரே வாக்கியம்: “குறைவாக வெளிப்படும் மரபணுக்கள் நீக்கப்பட்டன.” அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல். பல வருடங்களாக மாணவர்களின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்த அட்டவணைகளைப் பார்த்து வருகிற புள்ளியியல்காரன் நான். பெரிய தவறுகள் பெரும்பாலும் கடினமான சூத்திரங்களில் நடப்பதில்லை, இந்தச் சின்னப் படியில்தான் நடக்கின்றன. நடந்தது யார் கண்ணிலும் படுவதுமில்லை.

முதலில் அட்டவணையைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். பூஜ்யம், பூஜ்யம், 1, பூஜ்யம், பூஜ்யம், 2 என்று பக்கம் பக்கமாக ஓடும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எடுத்தது இரத்தம். மூக்கில் மணத்தை அறியும் ஏற்பிகளுக்கென்றே மனிதனிடம் சுமார் 400 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரத்த அணுவில் வேலை கிடையாது. உங்கள் அட்டவணையில் உள்ள 60,000 சொச்சத்தில் புரதம் செய்யும் மரபணுக்கள் 20,000-ஐ ஒட்டித்தான் வரும், அவற்றிலும் எந்த ஒரு திசுவிலும் எல்லாமே பேசிக்கொண்டிருக்காது. அட்டவணையின் பெரும்பகுதி மௌனம்.

மௌனமான வரிகளை அப்படியே விட்டுவைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு மரபணுவுக்கு ஆறு மாதிரிகளிலும் சேர்த்து மொத்தம் 5 ரீட்தான் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுவும் ஒரே ஆழத்தில் படிக்கப்பட்டவை. நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு ரீட்டும் காசு சுண்டுவது போலத்தான், இந்தப் பக்கமும் விழலாம், அந்தப் பக்கமும் விழலாம். ஐந்தும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 16-ல் ஒன்று, அதாவது 0.0625. இதைவிட ஒருதலையாக அந்த ஐந்து ரீட் விழவே முடியாது. முடிந்த மட்டும் ஒருதலையாக விழுந்தும் 0.05 என்ற கோட்டைத் தொடவில்லை, பாருங்கள். சோதனை தொடங்கும் முன்பே இந்த மரபணு தோற்றுவிட்டது. 10 ரீட் என்றால் 512-ல் ஒன்று. 20 ரீட் என்றால் 5,24,288-ல் ஒன்று. மனிதருக்கு மனிதர் இருக்கும் இயல்பான வேறுபாட்டை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, தோற்கப்போகிற மரபணு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியாததற்குக் காரணம், அது மற்றவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 20,000 மரபணுக்களைச் சோதித்தால், எதிலும் வேறுபாடே இல்லாவிட்டாலும் 0.05-க்குக் கீழே சுமார் 1,000 வந்து நிற்கும். இதற்காகத்தான் பெஞ்சமினியும் ஹாக்பெர்கும் 1995-ல் கொடுத்த எஃப்.டி.ஆர். (தவறான கண்டுபிடிப்பு விகித) திருத்தத்தை எல்லாரும் போடுகிறோம். பி-மதிப்புகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, 40-ஆவது இடத்தில் இருப்பதை 0.05-ஐ 40-ஆல் பெருக்கி மொத்தச் சோதனை எண்ணிக்கையால் வகுத்து வருவதோடு ஒப்பிடுவோம். மொத்தம் 20,000 என்றால் அந்தக் கோடு 0.0001. முன்கூட்டியே 8,000 மௌன மரபணுக்களை எடுத்துவிட்டு 12,000-ஐ மட்டும் சோதித்தால் கோடு 0.00017-க்கு நகர்கிறது. 0.00015 என்ற பி-மதிப்போடு நின்ற ஒரு நல்ல மரபணு முதல் கணக்கில் வெளியே போயிருக்கும், இரண்டாவதில் உள்ளே வருகிறது. இரத்தம் அதேதான், எண்ணும் அதேதான். பதரைப் புடைத்துவிட்டுப் படியால் அளந்தோம், அவ்வளவுதான்.

அதனால் வடிகட்டுங்கள். கட்டாயம் வடிகட்டுங்கள். எதை வைத்து வடிகட்டுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு உங்களோடு பேச வேண்டியது இருக்கிறது.

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பதிவெண் தெரியாது. முகப்பைக் கிழித்து டம்மி நம்பர் போட்டுத்தான் அனுப்புவார்கள். திருத்துகிறவர் கையெழுத்தைப் பார்க்கலாம், எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், வெற்றுத்தாளை ஓரமாக வைத்துவிடலாம். யாருடைய தாள் என்று மட்டும் தெரியக் கூடாது. உங்கள் சல்லடையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறு பத்திகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கலாம், சராசரியைப் பார்க்கலாம், எத்தனை பத்தியில் 10-ஐத் தாண்டியிருக்கிறது என்று பார்க்கலாம். எந்தப் பத்தி நோயாளி, எந்தப் பத்தி நலமானவர் என்ற லேபிள் அதற்குத் தெரியவே கூடாது.

ரிச்சர்ட் போர்கன், ராபர்ட் ஜென்டில்மேன், வொல்ஃப்காங் ஹூபர் மூவரும் 2010-ல் பி.என்.ஏ.எஸ். இதழில் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக நிறுவியது. அவர்கள் சொன்னதன் சாரம்: வேறுபாடே இல்லாத மரபணுக்களைப் பொறுத்தவரை, வடிகட்டும் அளவும் சோதிக்கும் அளவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். வேறுபாடு உள்ள மரபணுக்களில் மட்டும் தொடர்பு இருக்கலாம், இருந்தால் நல்லது. மைக்ரோஅரே தரவில், லேபிள் பார்க்காமல் மொத்த ஏற்ற இறக்கத்தை வைத்து வடிகட்டி, பிறகு டி-சோதனை செய்தபோது கண்டுபிடிப்புகள் 50 சதவீதம் கூடின. அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: அதுவரை வெளியான ஆய்வுகளில் புழங்கிய சில சல்லடைகள், தவறான கண்டுபிடிப்புகளுக்குப் போட்ட கட்டுப்பாட்டையே உடைத்துவிடுகின்றன. மாணவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை இரண்டாம் பாதியைப் பற்றி.

உடைக்கிற சல்லடைகளில் நான் அதிகம் பார்ப்பது ஃபோல்டு சேஞ்ச் சல்லடை. “இரண்டு மடங்குக்கு மேல் மாறியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அட்ஜஸ்ட் பண்ணினேன்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று பாருங்கள். 20,000 மரபணுக்கள், ஒன்றில்கூட உண்மையான வேறுபாடு இல்லை. எல்லாவற்றுக்கும் ஏற்ற இறக்கம் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். இரு குழுச் சராசரிகளின் வித்தியாசம் மிகப் பெரியதாக இருக்கும் 1,000-ஐ எடுங்கள். ஏற்ற இறக்கம் ஒரே அளவு என்பதால், வித்தியாசம் பெரிய 1,000-மும் பி-மதிப்பு சிறிய 1,000-மும் ஒன்றேதான். அவற்றின் பி-மதிப்புகள் எல்லாம் 0.05-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கும். இப்போது இந்த 1,000-க்கு மட்டும் திருத்தம் போடுங்கள். கடைசி இடத்தில் இருப்பதற்கான கோடு 0.05-ஐ 1,000-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.05-ஏ. கடைசி மரபணு அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால், அதற்கு முன்னால் நிற்கும் 999-மும் கூடவே தேறிவிடும். ஒரு மரபணுகூட உண்மையில்லாத தரவிலிருந்து ஆயிரம் மரபணுக்களின் பட்டியல், பக்கத்தில் “எஃப்.டி.ஆர். 0.05” என்ற முத்திரையோடு.

அந்த முத்திரையைத்தான் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முத்திரை இல்லாத பட்டியலைப் படிப்பவர் சந்தேகத்தோடு படிப்பார். இதை நம்பி ஒரு மாணவி அடுத்த மூன்று வருடத்தைக் கழிப்பாள்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. ஆய்வில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது எட்டுக்கு எட்டு மாதிரிகள். மரபணு ஒவ்வொன்றுக்கும் டி-சோதனை செய்து, 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஹீட்மேப் போட்டேன். இடப்பக்கம் எட்டும் சிவப்பு, வலப்பக்கம் எட்டும் பச்சை, நடுவே கோடு கிழித்தது போலப் பிரிந்து நின்றது. மேலே கிளைப்படம்கூட இரண்டே கிளையாகத் தெளிவாகப் பிரிந்தது. கலரில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். அந்த வாரம் எங்கள் பகுதிக்கு வந்திருந்த ஒரு மூத்த புள்ளியியல் ஆசிரியர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் மாதிரிப் பெயர்களை எழுதி வைத்திருந்த தாளை வாங்கி, பென்சிலால் எட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டார். “தம்பி, இந்த எட்டும் ஒரு குழு, மத்த எட்டும் ஒரு குழு. மறுபடி ஓட்டுங்க” என்றார். ஓட்டினேன். சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம், நடுவே அதே கோடு. மரபணுப் பெயர்கள் மட்டும் வேறு. இன்னொரு முறை குறி மாற்றினார். மறுபடியும் அதே கோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்ததை நானே எடுத்தேன்.

அன்றைக்குக் கற்றது இதுதான். லேபிளைப் பார்த்துப் பொறுக்கிய மரபணுக்களை வைத்து ஹீட்மேப் போட்டால் அது லேபிளைத்தான் திருப்பிக் காட்டும். குழுக்கள் பிரிகின்றன என்பதற்கு அந்தப் படம் சாட்சியே இல்லை. நீங்கள் ஹீட்மேப் போடலாம், அழகுக்கும் விளக்கத்துக்கும் அது வேண்டும். ஆனால் கீழே “நோயாளிகளும் நலமானவர்களும் தெளிவாகப் பிரிகிறார்கள்” என்று எழுதாதீர்கள். அப்படி எழுத ஆசையிருந்தால், லேபிள் பார்க்காமல் வடிகட்டிய எல்லா மரபணுக்களையும் வைத்து பி.சி.ஏ. போட்டு, அதில் பிரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சல்லடை இதைவிட நுட்பமானது. நல்ல மாணவர்கள்தான் இதில் விழுகிறார்கள். குழு ஒன்றில் மட்டும் பேசும் மரபணுவை இழந்துவிடக் கூடாது என்று அவர்கள் நினைக்கிறார்கள், சரியாகவே நினைக்கிறார்கள். ஐந்து பெண்கள், ஐந்து ஆண்களின் இரத்தத்தை ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிஸ்ட் என்ற மரபணு, இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள செல்லில் ஒன்றை அடக்கி வைக்கும் வேலையைச் செய்வது. பெண்களின் ஐந்து பத்தியிலும் நிறைய இருக்கும், ஆண்களின் ஐந்திலும் கிட்டத்தட்ட பூஜ்யம். “பத்து மாதிரியிலும் 10-க்கு மேல் இருக்க வேண்டும்” என்று சல்லடை போட்டால், அந்த அட்டவணையிலேயே மிக உறுதியான வேறுபாடு முதல் படியிலேயே குப்பைக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க அவர்கள் எழுதும் விதி: “பெண்கள் ஐவரிடமும், அல்லது ஆண்கள் ஐவரிடமும் 10-க்கு மேல்.” எக்ஸிஸ்ட் தப்பிவிட்டது. ஆனால் லேபிள் உள்ளே வந்துவிட்டது.

வரம்பை ஒட்டித் தடுமாறும் ஒரு மரபணு, தற்செயலாகச் சரியாக ஐந்து மாதிரிகளில் மட்டும் 10-ஐத் தாண்டுகிறது. பத்தில் ஐந்தைத் தேர்வதற்கு 252 வழிகள். அவற்றில் எல்லாரும் பெண்கள், எல்லாரும் ஆண்கள் என்று அமைவது இரண்டே இரண்டு. உங்கள் விதி 250-ஐத் தள்ளிவிட்டு அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. வேறுபாடே இல்லாத மரபணுக்களில், பார்ப்பதற்கு வேறுபாடு இருப்பது போலத் தோன்றுபவை மட்டும் தேடிப் பொறுக்கப்பட்டுவிட்டன. சரியான விதி இதற்கு ஒரு சொல் தள்ளித்தான் இருக்கிறது: “பத்தில் எந்த ஐந்திலாவது 10-க்கு மேல்.” எக்ஸிஸ்ட் இதிலும் தப்பிக்கும், அந்த 250-க்கும் அநியாயம் நடக்காது. ஐந்து என்ற எண் சிறிய குழுவின் அளவிலிருந்து வருகிறது. குழுவின் அளவு சல்லடைக்குத் தெரியலாம், குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது.

எட்ஜ்ஆர் மென்பொருளில் இருக்கும் ஃபில்டர்-பை-எக்ஸ்பிர் கட்டளை அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. மெல்போர்னில் கார்டன் ஸ்மித்தின் குழு உருவாக்கியது. நீங்களாக மாற்றாவிட்டால், 10 ரீட் என்ற அளவை வைத்துக்கொண்டு, அதை மாதிரியின் மொத்த ரீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். இரண்டு கோடி ரீட் உள்ள மாதிரியில் 10 என்பது பத்து லட்சத்துக்கு 0.5. எல்லா மாதிரியிலும் சேர்த்துக் குறைந்தது 15 ரீட் இருக்கிறதா என்றும் பார்க்கும். கட்டளையை ஓட்டுவதோடு நிற்காதீர்கள். அதற்குக் கொடுத்த குழு விவரத்தில் எந்த எண்ணை அது எடுத்துக்கொள்கிறது என்று உதவிப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். வடிகட்டிய பிறகு மீந்ததை வைத்து மாதிரியின் மொத்த ரீட்டைத் திரும்பக் கணக்கிட்டு, அதற்குப் பிறகே நார்மலைசேஷன் செய்யுங்கள்.

டிஇசீக்2 பயன்படுத்துகிறவர்கள் வேறொரு இடத்தில் தடுமாறுகிறார்கள். முடிவு அட்டவணையில் சில கட்டங்களில் என்.ஏ. என்று வரும். அதை ஒரு மாணவர் எல்லாம் பூஜ்யமாக மாற்றி வைத்திருந்தார். திருத்திய பி-மதிப்பு பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்: செத்துக் கிடந்த மரபணுக்கள் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டன. அந்த என்.ஏ. மூன்று விதம். எல்லா மாதிரியிலும் பூஜ்யமாக இருந்தால் மடங்கு மாற்றம், பி-மதிப்பு, திருத்திய பி-மதிப்பு மூன்றுமே என்.ஏ. ஒரே ஒரு மாதிரி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் பி-மதிப்பும் திருத்திய பி-மதிப்பும் என்.ஏ. பி-மதிப்பு இருந்து, திருத்திய பி-மதிப்பு மட்டும் என்.ஏ. என்றால், சராசரி எண்ணிக்கை குறைவு என்று சல்லடை தள்ளிவிட்டது என்று பொருள். இந்த மென்பொருள் அந்த வரம்பைத் தானே தேடிக்கொள்ளும், அதிகக் கண்டுபிடிப்பு தருகிற இடமாகப் பார்த்து நிற்கும். அதில் தவறில்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அது பார்ப்பது எல்லா மாதிரிகளின் பொதுச் சராசரியை மட்டும், லேபிளை அல்ல; அதனால் அந்த அளவுக்கு அதை அனுமதிக்கலாம். உங்களுக்குப் பிடித்த மரபணு என்.ஏ. ஆகிவிட்டது என்பதற்காக அந்த வசதியை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்துப் பார்ப்பது வேறு விஷயம். அப்போது லேபிளைப் பார்க்கிற சல்லடை நீங்களேதான்.

மைக்ரோஅரே தரவும் லிம்மாவும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மொத்த ஏற்ற இறக்கத்தை வைத்து வடிகட்டுவது சாதாரண டி-சோதனைக்குச் சரி என்று மேலே சொன்னேன். லிம்மாவுக்கு அது ஒத்துவராது. லிம்மா எல்லா மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து ஒரு பொது மதிப்பைக் கண்டு, ஒவ்வொரு மரபணுவின் மதிப்பையும் அதை நோக்கிக் கொஞ்சம் இழுக்கும். ஏற்ற இறக்கம் குறைந்தவற்றை முன்பே வெளியே அனுப்பிவிட்டால், குறைந்த மார்க் வாங்கியவர்களை வெளியே நிறுத்திவிட்டு வகுப்புச் சராசரி போட்டது போலாகும். அங்கே சராசரி வெளிப்பாட்டை வைத்து வடிகட்டுங்கள்.

இனி, எனக்கு அதிகம் மனம் நோகும் இடம். இரத்தப் பரிசோதனையில் நோயை முன்கூட்டியே சொல்லும் “பத்து மரபணுக் கையொப்பம்” தேடுகிறவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். நீங்கள் செய்வது பெரும்பாலும் இப்படி: முழுத் தரவிலும் லேபிளை வைத்துச் சிறந்த மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிறகு அந்த மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மாதிரியை ஒதுக்கி மற்றவற்றில் கற்பித்து, ஒதுக்கியதில் சோதிக்கிறீர்கள். ஒவ்வொரு மாதிரியாக மாற்றி மாற்றிச் செய்து, துல்லியம் 100 சதவீதம் என்று எழுதுகிறீர்கள். ஒதுக்கி வைத்ததாக நினைக்கும் மாதிரி, மரபணுவைத் தேர்ந்த அன்றே உள்ளே உட்கார்ந்திருந்தது. கேள்வித்தாள் எழுதும் அறையில் இருந்த பையனையே பரீட்சைக்கும் அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆம்ப்ராய்ஸும் மெக்லாக்லனும் 2002-லேயே இதை எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் சைமனும் அவர் சகாக்களும் செய்து காட்டியது இன்னும் எளிது. 20 மாதிரி, 6,000 மரபணு, எல்லா எண்ணும் கணினி சீரற்றுப் போட்டவை. நோயும் இல்லை, நோயாளியும் இல்லை. பத்துக்குப் பத்து என்று சும்மா பிரித்தார்கள். மரபணுவை முதலில் தேர்ந்துவிட்டுப் பிறகு ஒதுக்கிச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது முறை ஒரு தவறும் இல்லாத வகைப்படுத்தல் கிடைத்தது. மரபணுத் தேர்வையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கிய மாதிரியைப் பார்க்காமல் புதிதாகச் செய்தபோது, இருக்க வேண்டியபடி பாதிக்குப் பாதி தவறு வந்தது. இத்தனை வருடம் கழிந்தும் அதே பிழையோடு என் மேசைக்கு ஆய்வேடுகள் வருகின்றன. இந்தக் கையொப்பத்தை நம்பி நாளை ஒரு மருத்துவர் ஒருவருக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கக்கூடும். அவசரத்தில் செய்ததாக இருந்தாலும் மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. லேபிள் பார்க்காத வடிகட்டலை முழுத் தரவிலும் முன்பே செய்துகொள்ளலாம். லேபிள் பார்க்கும் தேர்வு எதுவானாலும் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயும்தான் நடக்க வேண்டும்.

வடிகட்டலை எக்செல்லில் செய்யாதீர்கள். செப்ட்2, மார்ச்1 போன்ற பழைய மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-ல் இதற்காக அந்தப் பெயர்களை மாற்ற வேண்டி வந்தது. பிறகு, எந்தெந்த உயிரியல் வழித்தடங்கள் பட்டியலில் மிகுந்திருக்கின்றன என்று பார்க்கும்போது, பின்னணியாக மொத்த மரபணுக்களையும் கொடுக்காமல் சல்லடையில் மீந்தவற்றை மட்டும் கொடுங்கள். கல்லீரல் மாதிரியை மொத்த மரபணுக்களோடு ஒப்பிட்டால் கல்லீரலின் அன்றாட வேலைகளே கண்டுபிடிப்பு போல வந்து நிற்கும்.

சல்லடை லேபிளைப் பார்த்ததா என்று சந்தேகம் வந்தால் இரண்டு சோதனைகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. ஒன்று, வடிகட்டியபின் மீந்தவற்றின் பி-மதிப்புகளை ஹிஸ்டோகிராமாக வரையுங்கள். இடக்கோடியில் உயரமாக இருக்கலாம், வலப்பக்கம் சமதரையாக ஓட வேண்டும். வலப்பக்கம் வெட்டி எடுத்தது போலக் காலியாக இருந்தால் உங்கள் சல்லடைக்கு லேபிள் தெரிந்திருக்கிறது. மற்றொன்று, என் சுவர்ப் படத்தைக் கழற்ற வைத்த அதே வழி. மூன்றுக்கு மூன்று என்றால் ஆறு மாதிரிகளை இரு குழுவாகப் பிரிக்க மொத்தம் பத்து வழிகள். ஒன்று உண்மை, ஒன்பது பொய். ஒன்பதையும், வடிகட்டல் உட்பட முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஒரு மாலை வேலைதான். பொய்யான பிரிவுகளிலும் நூற்றுக்கணக்கில் மரபணுக்கள் வந்து குவிந்தால் உங்கள் உண்மையான பட்டியலையும் நம்ப முடியாது.

“எங்க சார் ஃபோல்டு சேஞ்ச் போட்டு வடிகட்டித்தான் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றார், நான் என்ன பண்றது?” என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. ஃபெலோஷிப் முடிய ஆறு மாதம் இருக்கும், கட்டுரை வெளியானால்தான் ஆய்வேடு, ஆய்வேடு போனால்தான் வேலை. அவரிடம் விவாதம் செய்யாதீர்கள். அந்த ஒன்பது ஓட்டங்களையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோங்கள். “சார், லேபிளக் கலச்சுப் போட்டும் இதே அளவு பட்டியல் வருது, ஒரு தடவ பாருங்க” என்று மட்டும் சொல்லுங்கள். நான் பார்த்தவரை வழிகாட்டிகளில் பலரும் அந்தத் தாளைப் பார்த்தபின் மனம் மாறியிருக்கிறார்கள். மடங்கு மாற்றம் அவருக்கு முக்கியம் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. இத்தனை மடங்குக்கு மேல் மாறியிருக்கிறதா என்பதையே சோதனைக் கேள்வியாக வைத்துக் கணக்கிடும் வசதி எட்ஜ்ஆர், லிம்மா, டிஇசீக்2 மூன்றிலும் உண்டு.

வழிகாட்டிகள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரே வேண்டுகோள்: பட்டியலில் பன்னிரண்டே மரபணு வந்தது என்று மாணவர் சொல்லும்போது, முகம் சுருங்காமல் அந்தப் பன்னிரண்டைப் பற்றிப் பேசுங்கள். அந்த முகச்சுருக்கத்துக்குப் பயந்துதான் சல்லடைகள் மாறுகின்றன.

இனி அந்த ஒற்றை வாக்கியத்துக்கு வருகிறேன். “குறைவாக வெளிப்படும் மரபணுக்கள் நீக்கப்பட்டன” என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: “குழு விவரத்தைப் பயன்படுத்தாமல், ஆறு மாதிரிகளில் எந்த மூன்றிலாவது குறைந்தது 10 ரீட்டுக்கு இணையான வெளிப்பாடு உள்ள மரபணுக்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்த வரம்பு ஒப்பீட்டைத் தொடங்கும் முன் முடிவு செய்யப்பட்டு, பின்னர் மாற்றப்படவில்லை.” தொடக்கத்தில் எத்தனை மரபணுக்கள், மீந்தது எத்தனை என்ற இரண்டு எண்களையும் அதே இடத்தில் கொடுங்கள். எழுதியபடியே நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். வைவா அன்று யாராவது அந்த வரியில் விரல் வைத்து நிறுத்தினால், அடுத்த பக்கத்தைத் திருப்பி, கலைத்துப் போட்ட ஒன்பது ஓட்டங்களிலும் எத்தனை மரபணு வந்தது என்ற அட்டவணையைக் காட்டுங்கள்.

அன்புடன்,
பக்கத்து மேசைப் புள்ளியியல்காரன்